ரேஸ் ஏறுது, வேகம் ஏறல: பைக் கிளட்ச் ‘ஸ்லிப்’ ஆனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சேலம் - கோவை தேசிய நெடுஞ்சாலை. பெருந்துறை தாண்டி விஜயமங்கலம் பக்கம் போய்க்கொண்டிருக்கும் ஒரு பைக்குக்கு முன்னால் லோடு லாரி. வலதுபக்கம் காலியாக இருக்கிறது. டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் எகிறுகிறது. வண்டி பழைய வேகத்திலேயே போகிறது. லாரிக்குப் பக்கவாட்டில் பாதி தூரம் வந்தாகிவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது.

கிளட்ச் ஸ்லிப் ஆவது பலருக்கு முதலில் தெரியவருவது இப்படித்தான். சிப்காட் தொழிற்சாலைகளுக்கும், கல்லூரிகளுக்கும், ஈரோடு, திருப்பூர் கம்பெனிகளுக்கும் தினமும் பைக்கில் போய்வருபவர்கள் நிறைந்த ஊர் பெருந்துறை. இங்கே பைக் ஒரு நாள் பட்டறையில் நின்றால் ஒரு ஷிஃப்ட் போய்விடும். அதனால் அவசர அவசரமாக வண்டியைக் கொண்டுபோய் விட்டு, “ஏனுங்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க” என்று சொல்வார்கள். “பிளேட் போயிருச்சுங்க தம்பி, மாத்திரலாம்” என்று பதில் வரும்.

அந்தப் பதில் பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் கிளட்ச் வழுக்குவதற்குத் தேய்ந்த பிளேட் மட்டுமே காரணம் கிடையாது. கேபிள் இறுக்கமாக இருந்தாலும் வழுக்கும். தவறான ஆயில் ஊற்றினாலும் வழுக்கும். இந்த இரண்டையும் இன்ஜினைத் திறக்காமலேயே பார்த்துவிடலாம். இவற்றைப் பார்க்காமல் புதிய பிளேட் போட்டால், பழைய காரணம் உள்ளேயே இருக்கும். புதிய பிளேட்டும் சீக்கிரம் தேயும். எனவே எதை முதலில் பார்ப்பது என்ற வரிசைதான் இதில் முக்கியம்.

கிளட்ச் உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் சில நேரம் நிற்க வேண்டும், சில நேரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்து சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் வேலை.

கியர் பைக்குகளில் இருப்பது பெரும்பாலும் பல தட்டுகள் கொண்ட கிளட்ச். சீட்டுக்கட்டு இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியதுபோல இரண்டு வகைத் தட்டுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வகை, உராய்வுப் பொருள் ஒட்டப்பட்ட ஃப்ரிக்‌ஷன் பிளேட். இதன் காதுகள் வெளிக்கூடான ஹவுசிங்கின் பள்ளங்களில் உட்காரும். ஹவுசிங்கைச் சுற்றுவது இன்ஜின். இன்னொரு வகை வெறும் ஸ்டீல் பிளேட். இது நடுவில் உள்ள ஹப்போடு சேர்ந்து சுற்றும். ஹப் கியர்பாக்ஸோடு இணைந்தது. இந்த அடுக்கை பிரஷர் பிளேட் வழியாக ஸ்பிரிங்குகள் எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும்.

கிளட்ச் லீவரைப் பிடித்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் விலகி, தட்டுகள் தனித்தனியாகும். லீவரை விட்டால் மறுபடி ஒன்றாக ஒட்டிச் சுற்றும். லீவரைத் தொடாதபோது கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்க வேண்டும். அப்போதும் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால், அதுதான் ஸ்லிப்.

தட்டுகள் எவ்வளவு சக்தியைத் தாங்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஸ்பிரிங் தரும் அழுத்தம், தட்டுகளுக்கு இடையிலான உராய்வு, தட்டுகளின் அளவும் எண்ணிக்கையும். மூன்றாவது மாறாது. ஆகவே கோளாறு எங்கே இருந்தாலும், அது கடைசியில் அழுத்தம் குறைவதாகவோ உராய்வு குறைவதாகவோதான் இருக்கும். கேபிள் இறுக்கமும் களைத்த ஸ்பிரிங்கும் அழுத்தத்தைக் குறைக்கும். தவறான ஆயிலும் கருகிய பிளேட்டும் உராய்வைக் குறைக்கும். பிளேட் தேய்ந்தால் அடுக்கின் உயரம் குறைந்து, ஸ்பிரிங் சற்று நீண்டு, அதன் அழுத்தமும் குறையும்.

டாப் கியரில் ஏன் முதலில் தெரிகிறது?

“ஃபர்ஸ்ட் கியர்ல நல்லாத்தான் போகுது, ஃபோர்த்துலதான் இழுக்கல” என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். இதற்குக் காரணம் எளிது. ஒரே அளவு இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொடுக்க, கீழ் கியரில் இன்ஜின் குறைந்த முறுக்குவிசை கொடுத்தால் போதும். மீதியைக் கியர் பெருக்கிக் கொடுத்துவிடும். மேல் கியரில் அந்த உதவி குறைவு. இன்ஜினின் முறுக்குவிசை முழுவதையும் கிளட்ச் தாங்கியாக வேண்டும். பலவீனமான கிளட்ச் அங்கேதான் முதலில் தோற்கும்.

அதனால்தான் சமதளத்தில் நிதானமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஓவர்டேக் செய்யும்போது, மேம்பாலம் ஏறும்போது, பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, எதிர்க்காற்றில் போகும்போது வெளிப்படும். ஸ்லிப் தொடங்கிய பிறகு அது தானாகச் சரியாகாது. வழுக்கினால் சூடு வரும். சூடு வந்தால் பிளேட் இன்னும் கருகும். கருகினால் இன்னும் வழுக்கும்.

ஸ்லிப்தானா, வேறு கோளாறா?

‘வண்டி இழுக்கல’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பல கோளாறுகள் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: ஆக்சிலேட்டரை முறுக்கும்போது ஆர்பிஎம் ஏறுகிறதா?

ஆர்பிஎம் சட்டென்று ஏறி வேகம் மட்டும் ஏறவில்லை என்றால், சந்தேகம் கிளட்ச் மேல்.

ஆர்பிஎம்மும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை, இன்ஜின் திணறுகிறது என்றால், கிளட்ச்சை விட்டுவிட்டு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் வரத்து, இன்ஜின் கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

‘கடகட’ என்று சத்தத்தோடு குலுங்கிக் குலுங்கி இழுத்தால், செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்து பல் தாண்டுகிறதா என்று பார்க்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், அது கியர்பாக்ஸ் சங்கதி.

கிளட்ச்சைப் பிடித்த பிறகும் வண்டி முன்னால் நகர்ந்தால், சிக்னலில் நியூட்ரல் விழாமல் அடம்பிடித்தால், அது ஸ்லிப்புக்கு நேர் எதிரான கோளாறு. அங்கே கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. இதற்குச் செய்யும் வைத்தியத்தை ஸ்லிப்புக்குச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், இன்ஜின் சூடான பிறகு, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போய், ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்க வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் சத்தமும் வேகமும் ஒன்றாக ஏறும். ஸ்லிப் என்றால் சத்தம் முன்னால் ஓடும், வேகம் பின்தங்கும். டாக்கோமீட்டர் இல்லாத பைக்கில் காதே போதும். இந்தச் சோதனையை ஓரிரு முறைக்கு மேல் செய்யக் கூடாது. ஒவ்வொரு முறையும் பிளேட்டுக்குச் சேதம்தான்.

நியூட்ரலில் மட்டுமே கிக் ஸ்டார்ட் ஆகும் வகைப் பைக்குகளில் இன்னொரு அறிகுறி கிடைக்கும். அவற்றில் கிக்கரின் உந்துதல் கிளட்ச் பிளேட்டுகள் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கிளட்ச் மிகவும் மோசமானால், மிதிக்கும்போது கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கிவிடும்.

முதல் சோதனை: லீவரில் ப்ளே இருக்கிறதா?

இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். கிளட்ச் லீவரின் நுனியை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கேபிள் இறுகத் தொடங்குவதற்கு முன் லீவர் சும்மா ஆடும் தூரம்தான் ‘ஃப்ரீ ப்ளே’. பல பைக்குகளின் கையேட்டில் இது லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை என்று இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும்.

ப்ளே சுத்தமாக இல்லையென்றால், லீவரைத் தொடாதபோதும் யாரோ அதைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஸ்பிரிங்கால் முழுதாக அழுத்த முடியாது. புது பிளேட்டாக இருந்தாலும் வழுக்கும்.

“நான் கேபிளைத் தொடவே இல்லையே” என்று தோன்றலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேபிள் வகைக் கிளட்ச் உள்ள பெரும்பாலான பைக்குகளில், ஃப்ரிக்‌ஷன் பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் உள்ளே நகரும். அதனால் லீவரில் உள்ள ப்ளே குறைந்துகொண்டே வரும். பிரேக்கில் தேய்மானத்தால் ப்ளே கூடும், கிளட்ச்சில் குறையும். சர்வீஸ் தவறவிட்டால், யாரும் கை வைக்காமலேயே ப்ளே பூஜ்யமாகிவிடும்.

சரிசெய்வது கஷ்டமில்லை. லீவர் பக்கத்தில் ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். அதன் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்பக்கம் திருகினால் ப்ளே கூடும். அங்கே இடம் போதாவிட்டால், இன்ஜின் பக்கத்தில் கேபிள் முடியும் இடத்தில் உள்ள நட்டுகளைத் தளர்த்த வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ப்ளே மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இறுகினால், கேபிள் எங்கோ நெருக்கப்பட்டிருக்கிறது.

கேபிளையும் கவனியுங்கள். மழைத்தண்ணீரும் சாலைப் புழுதியும் உள்ளே இறங்கித் துருப்பிடித்தால், லீவரை விட்ட பிறகும் கேபிள் முழுதாகத் திரும்பாது. லீவர் கனமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் அதுதான் அடையாளம். நுனியில் கம்பி இழைகள் பிரிந்திருந்தால் யோசிக்காமல் கேபிளை மாற்றுங்கள். கிளட்ச் வேலைகளில் மிகக் குறைந்த செலவு இதுதான்.

ப்ளே சரிசெய்த பிறகு ஸ்லிப் நின்றுவிட்டால் நல்லது. இருந்தாலும் அடுத்த சில நாட்கள் கவனிக்க வேண்டும். இறுகிய கேபிளோடு நெடுநாள் ஓடியிருந்தால் பிளேட் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம்.

சில விலை உயர்ந்த பைக்குகளில் கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கும். அவற்றில் இப்படி அட்ஜஸ்ட் செய்யும் வேலை இல்லை. ஃப்ளூயிட் அளவையும் லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: உள்ளே இருப்பது என்ன ஆயில்?

இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. காரில் அப்படி இல்லை. கார் கிளட்ச் இன்ஜின் ஆயிலைத் தொடுவதே இல்லை. இந்த ஒரு வித்தியாசம்தான் ஆயில் குழப்பம் அத்தனைக்கும் வேர்.

காருக்கான ஆயில் எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு மைலேஜ். அதற்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைக் கலப்பார்கள். 1990களில் இத்தகைய எரிபொருள் சிக்கன ஆயில்கள் பரவலானபோது, அவற்றை பைக்கில் ஊற்றியவர்களுக்குக் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. இதற்குத் தீர்வாக ஜப்பானின் வாகனத் தரநிர்ணய அமைப்பான ஜேசோ, 1998-ல் நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கென்று தனித் தரம் கொண்டுவந்தது. ஆயில் டப்பாவின் பின்பக்கம் இன்றும் இருக்கும் ‘ஜேசோ எம்ஏ’, ‘எம்ஏ2’, ‘எம்பி’ என்ற எழுத்துகள் அங்கிருந்து வந்தவைதான்.

எம்ஏ, எம்ஏ2 என்றால் ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்ற உராய்வு உள்ளது. எம்ஏ2-ல் உராய்வு இன்னும் அதிகம். எம்பி என்றால் உராய்வு குறைவு. கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு அது பொருத்தம்; கியர் பைக்குக்குப் பொருந்தாது.

ஒரே வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் இருப்பது இன்று சாதாரணம். ஸ்கூட்டருக்கு வாங்கி மீந்த ஆயிலை, “அதுவும் இன்ஜின் ஆயில்தானே” என்று பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. கார் ஆயிலுக்கும் இதேதான். இன்ஜின் ஸ்மூத் ஆகும் என்று சொல்லி விற்கப்படும் சிறிய டப்பா ரசாயனங்களையும் கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்கில் ஊற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

டப்பாவின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் 10டபிள்யூ-30, 15டபிள்யூ-50 போன்ற எண்கள் ஆயிலின் தடிமனை மட்டுமே சொல்லும். கிளட்ச்சுக்கு ஏற்றதா என்பதை அவை சொல்லாது. ஹீரோ, ஹோண்டாவின் 100 சிசி பைக்குகள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30. ராயல் என்ஃபீல்டின் 350 சிசி பைக்குகளுக்கு 15டபிள்யூ-50. கையேடு சொல்லும் எண்ணும் வேண்டும், பின்பக்கத்து எம்ஏ அல்லது எம்ஏ2-வும் வேண்டும்.

அளவும் முக்கியம். ஆயில் மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. கீழ்க்கோட்டுக்குக் கீழேயும் போகக் கூடாது. அளவைப் பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் அல்லது நேராக நிற்க வேண்டும்.

கடைசியாக எப்போது, எங்கே, என்ன ஆயில் மாற்றினீர்கள்? ஸ்லிப் அந்த நாளுக்குப் பிறகு தொடங்கியதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ‘ஆம்’ பக்கம் சாய்ந்தால், முதலில் சரியான ஆயிலுக்கு மாறி, மிதமான வேகத்தில் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். பழைய ஆயில் பிளேட்டுகளில் ஊறியிருக்கும் என்பதால் மாற்றம் உடனே தெரியாமல் போகலாம். அதற்குப் பிறகும் வழுக்கினால், திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். நிலத்தடி நீர் பற்றிய கவலை ஏற்கெனவே உள்ள பகுதி இது. பழைய ஆயிலைச் சேகரித்துக் கொடுக்கும் பட்டறையிலேயே அதை விட்டுவிடலாம்.

மூன்றாவது: திறந்தால் எதை அளக்க வேண்டும்?

இந்தக் கட்டத்தில் அனுபவம் உள்ள மெக்கானிக் கை தேவை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குப் பயன்.

பல பைக்குகளில் கிளட்ச் இன்ஜினின் வலதுபக்க மூடிக்குள் இருக்கும். ஆயிலை வடித்து, கேபிளைக் கழற்றி, வழியில் உள்ள கிக்கர் முதலியவற்றை எடுத்துவிட்டு மூடியைத் திறப்பார்கள். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்திவைப்பது பழைய கைகளின் வழக்கம். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அலுமினிய மூடி விரிசல்விடும்.

பிறகு பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். உள்ளே இருக்கும் தட்டுகளை வரிசை மாறாமல் எடுத்து வைக்க வேண்டும். அதன்பின் பார்க்க வேண்டியவை நான்கு.

ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் கனம். 100 முதல் 150 சிசி வரையிலான பல பைக்குகளில் புதிய பிளேட் ஏறக்குறைய 3 மி.மீ. இருக்கும். எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வெர்னியர் காலிப்பரில் அளக்க வேண்டும். கனம் சரியாக இருந்தும் மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளத்தாலோ கருகிய வாடை அடித்தாலோ அந்த பிளேட்டின் காலம் முடிந்தது.

ஸ்டீல் பிளேட்டின் நிறமும் நேர்மையும். நீலம் பாய்ந்திருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. கனமான கண்ணாடிமேல் வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்கின் நீளம். வருடக்கணக்கில் சூட்டில் அழுந்தி நின்ற ஸ்பிரிங் குட்டையாகும். ஒன்று மட்டும் குறைந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஒரு பக்கம் சாயும்.

ஹவுசிங்கின் பள்ளங்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து இங்கே படிக்கட்டுபோலத் தடம் விழும். தட்டுகள் அதில் மாட்டிக்கொண்டால் சீராக நகராது. லேசான தடத்தை அரத்தால் ராவலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். செலவு கணிசமாகக் கூடும் இடம் இதுதான்.

ஃப்ரிக்‌ஷன் பிளேட் செட் மட்டும் என்றால் சிறிய பைக்குகளுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கும். பெரிய பைக்குகளில் ஆயிரங்களைத் தொடும். கூலி, ஆயில், பேக்கிங் தனி. கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள் என்பதால் வாரன்டியில் பெரும்பாலும் வராது.

இரண்டு குறுக்குவழிகளை ஒப்புக்கொள்ள வேண்டாம். பளபளத்த பிளேட்டை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டுவது ஒன்று. சில வாரம் ஓடும், பிறகு பழைய கதை. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டுவது இன்னொன்று. லீவர் கல்போல ஆகும், கேபிள் அறும், தேய்ந்த பிளேட் தேய்ந்ததாகவே இருக்கும்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள்

புதிய ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக் கூடாது. வண்டியில் ஊற்றப்போகும் அதே ஆயிலில் நன்றாக ஊறவைத்துவிட்டு மாட்ட வேண்டும். காய்ந்த பிளேட் முதல் நாளே சூடாகிக் கருகிவிடும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சமமாக, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கழன்றுவிடும். மூடிக்குப் புதிய பேக்கிங் போட வேண்டும். கடைசியில் கேபிள் ப்ளேயைப் புதிதாக அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பழைய தேய்ந்த பிளேட்டுக்காக வைத்திருந்த அளவு புதிய பிளேட்டுக்குப் பொருந்தாது. இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டால் அத்தனை செலவும் வீண்.

முதல் சில நூறு கிலோமீட்டர் வரை முழு ரேஸ் கொடுக்காமல் ஓட்டினால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தும்.

பட்டறையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. “பிரிக்கறதுக்கு முன்னாடி கேபிள் ப்ளே பார்த்தீங்களாண்ணா?”
2. “பழைய பிளேட்டை எடுத்து வைங்க, நான் பார்க்கறேன்.”
3. “ஸ்டீல் பிளேட்டும் ஸ்பிரிங்கும் நல்லா இருக்கா, அளந்தீங்களா?”
4. “போடற பிளேட் கம்பெனி ஸ்பேரா, பில் கிடைக்குமா?”
5. “என்ன ஆயில் ஊத்தறீங்க, எம்ஏ போட்டிருக்கா?”

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வண்டியைப் பற்றித் தெரிந்து பேசும் வாடிக்கையாளரிடம் அவருக்கும் வேலை சுலபம்.

சீக்கிரம் தேய வைப்பது எது?

ஒரே மாடல் பைக், ஒரே ஊர். ஒருவருக்கு 15,000 கி.மீ.யிலேயே பிளேட் போகும். இன்னொருவருக்கு 50,000 தாண்டியும் நிற்கும். வித்தியாசம் பெரும்பாலும் இடது கையில் இருக்கிறது.

லீவர்மேல் எப்போதும் இரண்டு விரலை வைத்துக்கொண்டே ஓட்டுவது முதல் காரணம். விரலின் எடையே ப்ளேயைத் தின்றுவிடும். இரண்டாவது, ஹாஃப் கிளட்ச். ஷிஃப்ட் விடும் நேரத்து நெரிசலில் இன்ச் இன்ச்சாக நகரும்போது பாதி கிளட்ச்சில் வண்டியை உருட்டிக்கொண்டே இருந்தால், அத்தனை நேரமும் பிளேட் தேய்ந்துகொண்டிருக்கும். முன்னால் கொஞ்சம் இடம் விழும்வரை காத்திருந்து நகர்வதே மேல்.

மூன்றாவது, மேட்டில் நிற்பது. பக்கத்துச் சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படி ஏறிப் போகலாம். மலைப்பாதையில் வண்டியிலும் போகலாம். அந்த ஏற்றத்தில் முன்வண்டி நின்றால், பலர் பிரேக்கைத் தொடாமல் கிளட்ச்சையும் ரேஸையும் வைத்தே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து நிற்பார்கள். பிளேட்டைக் கருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. பின்பிரேக்கில் நிறுத்தி, கிளம்பும்போது பிரேக்கை மெதுவாக விட்டு எடுப்பதுதான் சரி. வார இறுதியில் சத்தியமங்கலம் வழியாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுபவர்களுக்கும் இதே விதி: வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள். மேல் கியரில் கிளட்ச்சை விட்டுப் பிடித்து ஏற்ற வேண்டாம்.

நான்காவது, பாரம். மூன்று பேர், துணி மூட்டை, கொப்பரை மூட்டை எல்லாம் கிளட்ச் தாங்க வேண்டிய சுமைதான். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அந்தச் சுமை பிளேட்டில் எழுதப்படுகிறது.

ஸ்கூட்டர், எக்ஸ்எல் ஓட்டுபவர்களுக்கு

கிளட்ச் லீவர் இல்லாத வண்டியிலும் கிளட்ச் உண்டு. டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற மொபெட்டிலும், கியர் இல்லாத ஸ்கூட்டரிலும், இன்ஜின் வேகம் ஏறும்போது சுழற்சி விசையால் விரிந்து டிரம்மைப் பிடிக்கும் ஷூக்கள் இருக்கும். அவை தேய்ந்தாலும் இதே அறிகுறிதான்: ரேஸ் ஏறும், வண்டி தாமதமாக நகரும். ஸ்கூட்டரில் பெல்ட்டும் ரோலரும் தேய்ந்தாலும் இப்படித்தான் தோன்றும் என்பதால், மூன்றையும் ஒன்றாகத் திறந்து பார்ப்பது நல்லது.

இன்னொரு குழப்பம் பெயரில். கேடிஎம் டியூக் 390, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி போன்ற பைக்குகளின் விளம்பரத்தில் வரும் ‘ஸ்லிப்பர் கிளட்ச்’ கோளாறு அல்ல, வசதி. வேகமாகக் கியர் குறைக்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்த நொடியில் மட்டும் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ரேஸ் கொடுக்கும்போது அதுவும் இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும்.

வழியில் வழுக்க ஆரம்பித்தால்?

முதலில் ஓவர்டேக் எண்ணத்தைக் கைவிட்டு, இடதுபக்கம் ஒதுங்குங்கள். லீவரில் ப்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கை அட்ஜஸ்டரைத் திருகித் தளர்த்துங்கள். அதிலேயே சரியாகிவிடலாம். சரியாகாவிட்டால், இன்ஜின் கொஞ்சம் ஆறிய பிறகு, ஒரு கியர் குறைவாக வைத்து, ரேஸை மென்மையாகக் கொடுத்து, மெதுவாகப் பக்கத்துப் பட்டறைவரை போகலாம். கீழ் கியரில் கிளட்ச்சின் சுமை குறைவு என்பது இங்கே கைகொடுக்கும். பின்னால் இருப்பவரை பஸ்ஸில் அனுப்பிவிடுவது வண்டிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

“அடுத்த சம்பளத்துல பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டால், பிளேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ஸ்டீல் பிளேட்டுக்கும் ஹவுசிங்குக்கும் போகும். அதைவிட முக்கியம், லாரியைத் தாண்டும்போது தேவைப்படும் அந்த இரண்டு நொடி இழுவை அந்த வண்டியில் இல்லை. அடுத்த முறை வண்டி எடுக்கும்போது லீவரின் நுனியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.